பதினோரு மணிக் கோளாறு

மடிக்கணினித் திரையின் கீழ்மூலையில் இருந்த வைஃபை குறி சாம்பல் நிறத்துக்கு மாறியபோது மணி பதினொன்று நான்கு. பெனடிக்ட் ஒளிவிலகலைப் பற்றிப் பாதி வாக்கியம் பேசியிருந்தான். திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினான்கு பள்ளிகளில், பதினான்கு வகுப்பறைச் சுவர்களில், அவனுடைய முகம் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றிருக்கும். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த மூன்றாவது வாரத்தில் சிரிப்பதையும் விட்டுவிட்டு, அவரவர் டிபன் டப்பாவைத் திறக்க ஆரம்பித்திருந்தார்கள்.

தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாயிற்று. மடிக்கணினியை அணைத்துப் போட்டான். வீட்டு நெட்வொர்க்கை அதன் நினைவிலிருந்தே அழித்துவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக அடித்துச் சேர்ந்து பார்த்தான். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தான். மேசையைச் சன்னலோரத்திலிருந்து மாடிப்படிப் பக்கமாக நகர்த்தினான். பக்கத்து வீட்டு மைக்ரோவேவைச் சந்தேகப்பட்டான். மொட்டைமாடியில் புதிதாக ஏற்றிய எஃகுத் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டான். கைபேசி இணையத்தை இழுத்துக் கொடுத்தாலும் பயனில்லை. அவர்கள் வீடு இருந்த புத்தூர்ச் சந்தின் பின்னால் அடுக்குமாடி எழும்பியதிலிருந்து கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிய விஷயம். வாடிக்கையாளர் சேவையில் ஓர் இனிய குரல், "ரவுட்டரை அணைத்து முப்பது வினாடி கழித்துப் போடவும்" என்றது. அறைக்குள் கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, செருப்புச் சத்தம் டப்டப்பென்று கேட்க அவன் கீழே இறங்கி வரும்போது, ரவுட்டர் நான்கு பச்சை விளக்குகளையும் சிமிட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாததைப் போல உட்கார்ந்திருக்கும்.

அன்று சாயங்காலம் இணைய வகுப்புகளின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அவனுடைய வகுப்பைத் தானியங்கி ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். தானியங்கி ஆசிரியர் பாதி வாக்கியத்தில் நிற்காது. பெனடிக்ட் கடிதத்தை மூடினான். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிற பாடு போதும் என்று நினைத்தான்.

ஜெசிந்தா அவனுடைய மனைவி. அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். பத்து மாதத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். கை திரும்பி வந்தது. காலும், இலேசாக இழுத்தாலும், வந்தது. பேச்சும் எழுத்தும் மட்டும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். சொல் மட்டும் உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கும்.

அதற்காகத்தான் அவளுக்குச் 'சொல்துணை' பொருத்தினார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் மிளகளவு ஒரு சில்லு. கழுத்துச் சங்கிலியில் ஒரு லாக்கெட். லாக்கெட்டிலிருந்து பேச்சு வரும், ஜெசிந்தாவின் குரலிலேயே. பழைய கல்யாண வீடியோக்கள், மகள் ரோஸ்லினுக்கு அவள் அனுப்பிய குரல்செய்திகள் எல்லாவற்றையும் கொடுத்து அந்தக் குரலைச் செய்து வாங்கியிருந்தார்கள்.

பொருத்திய என்ஜினியர் அன்றைக்கு விளக்கிச் சொன்னான். "அவங்க சொல்ல நினைக்கிறதுல கொஞ்சந்தான் சார் அந்தச் சில்லுக்குக் கேக்கும். ஒரு சொல்லோட தலை, இல்லன்னா வாலு. அது உங்க வீட்டு நெட் வழியா எங்க சர்வருக்குப் போகும். மிச்சத்த சர்வரே யூகிச்சு, முழு வாக்கியமா திருப்பி அனுப்பிடும். எல்லாம் அரை வினாடிதான்."

"யூகிக்கிறதா?"

"அவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சா சுலபமா யூகிச்சிரலாம் சார். அதுக்குத்தான் இந்தப் படிவம். இன்னொண்ணு, லாக்கெட்டக் கழட்டினா உங்க போன்ல அபாய மணி அடிக்கும். பயந்துராதீங்க, பாதுகாப்புக்குத்தான்."

படிவத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். ஜெசிந்தா மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். எழுத்தெல்லாம் அவளுக்கு அப்போது எறும்பாக ஊர்ந்தது. எனவே பெனடிக்ட்தான் இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பினான். நிரப்பும்போது அழுதான். இருபத்து நான்கு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி யாரோ கேட்கும்போது நல்லதுதானே வாயில் வரும்? எளிதில் கோபம் வருமா என்ற கேள்விக்கு, அரிது என்று போட்டான். கருத்து வேறுபாடு வந்தால்? விட்டுக்கொடுப்பார். கணவரை எப்படி அழைப்பார்? வெளியாட்கள் படிக்கிற படிவமாயிற்றே என்று சற்று யோசித்து, 'என்னங்க' என்று எழுதினான்.

லாக்கெட் வந்தபின் வீடு மறுபடியும் வீடானது. "காபி போடட்டுமாங்க?" என்று அடுக்களையிலிருந்து ஜெசிந்தாவின் குரல் கேட்ட முதல் நாள் பெனடிக்ட் கூடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பெங்களூரிலிருந்து ரோஸ்லின் பேசும்போதெல்லாம், "அம்மா இப்ப எவ்வளவு சாந்தமாயிட்டாங்கப்பா" என்று சொல்வாள். மருத்துவமனையிலிருந்து, வேலைக்குத் திரும்புகிறாரா, விருப்ப ஓய்வு பெறுகிறாரா என்று கேட்டுக் கடிதம் வந்தபோது, "ஓய்வு வாங்கிடலாமா ஜெசி? உடம்பு முக்கியம் இல்லியா?" என்று பெனடிக்ட் கேட்டான். "நீங்க சொன்னா சரிதாங்க" என்றது லாக்கெட். ஓய்வுக் கடிதத்தை அவன் எழுதி, அவள் கையெழுத்துக்காக அலமாரி மேல் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

இணையம் படுத்தும் பாட்டைப் பற்றி ஒரே ஒரு முறை அவளிடம் கேட்டான். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மணி வாக்குல உன் லாக்கெட் நின்னுபோகுதா ஜெசி?"

அவள் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள். உதடு அசைவதற்குள் லாக்கெட் பேசிற்று. "இல்லைங்க, எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்."

ஜெசிந்தா தலையை வேகவேகமாக ஆட்டினாள். இல்லை என்றுதான் ஆட்டுகிறாள் என்று அவன் நினைத்தான். லாக்கெட் நிற்கவில்லை என்றால் ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு மடிக்கணினியில்தான் என்று முடிவுகட்டி மாடிக்குப் போனான்.

புதன்கிழமை பிற்பகல் இணைய நிறுவனத்திலிருந்து சபீனா வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மின்ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, தோள்பையோடு உள்ளே வந்தவள் அதிகம் பேசவில்லை. கையில் ஒரு சிறிய மீட்டரை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள், மாடிப்படியில் நின்றாள், மடிக்கணினியைத் திறந்து தன் கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்த பலகைக்கு வந்து, ரவுட்டரின் பதிவேட்டைத் தன் டேப்லட்டில் இறக்கினாள்.

"உங்க லேப்டாப்புல ஒரு குறையும் இல்ல சார். சிக்னலும் போகல. ரவுட்டரே அணைஞ்சிருக்கு."

"இன்வெர்ட்டர் இருக்கேம்மா. கரண்ட் போனாலும் அது ஓடுமே."

"வீட்டுக் கரண்ட் போகல. ரவுட்டருக்கு மட்டும் போயிருக்கு. இதப் பாருங்க." டேப்லட்டைத் திருப்பிக் காட்டினாள். பதினொன்று நான்கு முதல் பதினொன்று பத்தொன்பது வரை. அடுத்த நாள் பதினொன்று ஐந்து முதல் இருபத்தொன்று வரை. இப்படியே கீழே கீழே போயிற்று.

"அடாப்டர் லூசா இருக்குமோ?"

"லூசா இருந்தா கண்ட நேரத்துல போகணும். இங்க சனி, ஞாயிறு ஒரு தடவகூடப் போகல. போன வியாழன் உங்களுக்கு லீவா?"

"ஆமா, உள்ளூர் விடுமுறை."

"அன்னைக்கும் போகல." சபீனா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மிஷினுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது சார்."

ஜெசிந்தா காபி கொண்டுவந்தாள். சபீனா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்குக்கா" என்றாள். "நன்றிம்மா, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்றது லாக்கெட். அதற்குள் ஜெசிந்தா திரும்பி அடுக்களைக்குப் பாதி தூரம் போயிருந்தாள். உபசரிக்கிற குரல் அவள் கழுத்திலிருந்து வர, அவளுடைய முதுகு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. சபீனா அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வாசலில் தலைக்கவசத்தை மாட்டும்போது சொன்னாள்: "லாக்கெட் போட்டவங்க வீடு ஏழெட்டுக்குப் போயிருக்கேன் சார். என் வேலை நெட்டு மட்டுந்தான், மத்தது நான் பேசக்கூடாது. நாளைக்கு அந்த நேரத்துல நீங்க கீழ வந்து பாருங்க. செருப்பு போடாம வாங்க."

மறுநாள் பெனடிக்ட் பதினொரு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பத்துக் கணக்கு கொடுத்து எழுதச் சொன்னான். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குறியையே பார்த்திருந்தான். பதினொன்று நான்குக்கு அது சாம்பலாயிற்று. வெறுங்காலோடு கதவைத் திறந்து படியில் இறங்கினான்.

நான்காவது படியில் ஒரு பெண் குரல் கேட்டது. கரகரத்த, கனத்த குரல். வெகுநாள் திறக்காத கதவைத் தள்ளுவது போல ஒவ்வொரு சொல்லும் தடைபட்டுத் தடைபட்டு வந்தது. வீட்டுக்குள் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான்.

"மூ... மூச்ச... இழு."

இன்னும் இரண்டு படி இறங்கிக் குனிந்து பார்த்தான். ரவுட்டரின் விளக்குகள் அணைந்திருந்தன. அடாப்டர் தரையில் கிடந்தது. அடுக்களையில் ஜெசிந்தா இரண்டு கையாலும் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து நின்றாள். எதிரே மிக்ஸியும் அரிசிப் பாத்திரமும்தான் இருந்தன. அவள் கண் அதையெல்லாம் பார்க்கவில்லை.

"இழு மா. நல்லா... இழு. வி... விடு. விடு, விடு." ஒரு நிமிஷம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "மு... முக்கு. இப்ப முக்கு. நி... நிறுத்தாத. தல... தல தெரி... தெரியுது."

பெனடிக்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ப... ப... பய..." சொல் வரவில்லை. மேடையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மறுபடியும் ஆரம்பித்தாள். "பய... பயப்... பயப்படாத. நான்... இருக்கேன்." வந்துவிட்டது. மறுபடியும் சொன்னாள். மூன்றாம் முறை கொஞ்சம் வேகமாக, மிக்ஸியின் மேல் கையை வைத்துச் சொன்னாள். "பயப்படாத. நான் இருக்கேன்."

லாக்கெட் வந்ததிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தது வழவழப்பான பழைய குரல். இந்தத் தொண்டையை அவன் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. மேலே பதினான்கு பள்ளிக்கூடங்கள் காத்திருந்தன. அவனுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஜெசிந்தா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடாப்டரை எடுக்கக் குனிந்தாள்.

"போடாத ஜெசி."

தூக்கிவாரிப்போட நிமிர்ந்தாள். அடாப்டர் கையிலேயே இருந்தது. அவன் இறங்கி வந்தான்.

"போடாத. இருக்கட்டும்."

"கி... கிளாஸ்?"

"கிளாஸ் கிடக்குது."

அவள் ரவுட்டரைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை. "என்... என்னாலயா?"

அவன் ஒருங்கிணைப்பாளர் கடிதத்தைப் பற்றிச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "தெ... தெரியாது. சத்தியமா. லே... லேப்டாப்... போன்ல ஓடும்னு..."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் உங்கிட்டச் சொல்லவே இல்லியே. அன்னைக்கு லாக்கெட் நிக்குதான்னு மட்டுந்தானே கேட்டேன்."

"சொன்... சொன்னேன்." அவள் தன் மார்பில் தட்டிக்கொண்டாள். "நான்தான்னு... சொன்னேன். இது..." லாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். முகத்தை இனிப்பாக வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினாள். கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும். சொல் ஒன்றும் வராமலேயே அவனுக்கு அது கேட்டது.

அடுக்களை முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "கழட்டி வெச்சிருக்கலாமே ஜெசி?"

"உன் போன். மணி."

"ஆமா." அதுவும் அவன் கையெழுத்துப் போட்டு வாங்கியதுதான். "நெட் இருக்கும்போதே பேசிப் பார்த்தியா?"

"இது... முந்தி... முந்திக்கும்." அவள் கையால் தன் வாயை மூடிக் காட்டினாள். அவளுடைய சொல் கிளம்பி வர அரை நிமிடம் ஆகும். லாக்கெட்டுக்கு அரை வினாடி. ஒவ்வொரு தடவையும் அதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

"வேற என்னல்லாம் நீ ஒண்ணு சொல்லி, இது ஒண்ணு சொல்லிச்சு?"

கேட்டபிறகுதான் பயமாக இருந்தது. ஜெசிந்தா எண்ணிப் பார்ப்பது போலக் கண்ணை மூடினாள். பிறகு அலமாரியின் மேற்பக்கம் கையை நீட்டினாள்.

"லெட்டர்."

"ஓய்வு லெட்டரா? நீதானே சரின்னு..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"வே... வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா. ஒவ்வொரு சொல்லுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. "வேண்டாம். வேண்டாம்."

வெளியே காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி சந்தைக் கடந்து போயிற்று. பெனடிக்ட் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் அவனருகே வந்து, அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். ஒரு கேள்வி அவளுக்கு வெகுநாளாக இருந்திருக்க வேண்டும்.

"யா... யாரு சொன்னா? அதுக்கு. 'என்... என்னங்க'?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைப் பென்னி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மாமனார் மாமியார் முன்னால்கூட. கோபம் வந்தால் 'டேய் பென்னி'. 

"நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"பொய்." அந்த ஒரு சொல் திக்காமல் வந்தது. "பென்னி... பொய்."

அவன் பெயர் பத்து மாதம் கழித்து அந்த வாயிலிருந்து வந்தது. அவன் அவளுடைய வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அடாப்டர் இருந்த கையாலேயே அவன் தலையைத் தடவினாள்.

அன்று சாயங்காலம் சபீனாவுக்குப் போன் செய்தான். அவள் எதையும் விசாரிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"சர்வர்ல காத்திருப்பு நேரம்னு ஒண்ணு இருக்கு சார். அரை வினாடின்னு வெச்சிருப்பாங்க. கேக்குறவங்களுக்கு வேகமா பதில் வந்தாத்தான் பிடிக்குது. அத ஒரு நிமிஷம் வரைக்கும் கூட்டலாம். அக்கா சொந்தமா முயற்சி பண்ணுவாங்க, முடியலன்னாத்தான் லாக்கெட் வாயத் திறக்கும்."

"அப்ப ஜெசி அதை மாத்திக்கலாமே?"

"அவங்க கையெழுத்து செல்லாது சார். படிவம் எழுதினவர்தான் பயனாளர். அவங்க வெறும் அணிபவர்."

பெனடிக்ட் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அணிபவர். "படிவத்தையே புதுசா எழுதலாமா?"

"எழுதலாம் சார். யாரும் எழுத மாட்டாங்க. அவ்வளவு கேள்வி."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்கள் கூடத்தில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தார்கள். அவன் கேள்வியை வாசித்தான். அவள் பதில் சொல்லும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். காத்திருப்பது இவ்வளவு கடினம் என்று அவன் நினைத்ததே இல்லை. அவள் "க" என்று தொடங்கினாலே அவன் நாக்கு 'கத்திரிக்காயா, கடையா, கல்யாணமா' என்று ஓடிற்று. சர்வரைக் குறை சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. இருபது வருஷமாக அவனும் அவள் வாக்கியங்களை முடித்துக்கொண்டுதான் இருந்தான்.

"எளிதில் கோபம் வருமா?"

"வரும்."

"யார் மீது?"

அவள் விரலை நீட்டினாள். அவன் தன் பெயரைத் தட்டச்சு செய்தான்.

"அழும்போது என்ன சொன்னால் ஆறுதல் கிடைக்கும்?"

ஜெசிந்தா நெடுநேரம் யோசித்தாள். "ஒண்ணும்... சொல்ல வேண்டாம். பக்கத்துல... இரு." அதை அவன் அப்படியே அடித்தான். கடைசிப் பக்கத்தில், படிவத்தை நிரப்புபவர் பெயர் என்ற இடத்தில் ஜெசிந்தாவின் பெயரைப் போட்டான். அணிபவருக்கு என்ன உறவு என்று அது கேட்டது. 'நானே' என்று போட்டார்கள். காத்திருப்பு நேரத்தையும் ஒரு நிமிடமாகக் கூட்டிவைத்தார்கள்.

ஒருங்கிணைப்பாளருக்கும் எழுதினான். 'கோளாறு சரியாகிவிட்டது. காரணம், வீட்டில் நடந்த கவனக்குறைவு. என்னுடையது.' இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று பதில் வந்தது. ரோஸ்லின் அடுத்த முறை பேசிவிட்டு, "அப்பா, அம்மா ஏன் இப்பல்லாம் என்னைத் திட்டுறாங்க? கல்யாணப் பேச்ச எடுத்ததும் போன வெச்சுட்டாங்க" என்று முறையிட்டாள். "அப்படித்தாம்மா இருப்பா" என்றான் பெனடிக்ட், மனம் குளிர.

ஓய்வுக் கடிதத்தை வெள்ளிக்கிழமையே ஜெசிந்தா தன் கையால் கிழித்துப் போட்டிருந்தாள். மருத்துவமனையில் மேட்ரன் அவளை வெகுநேரம் பேச வைத்துப் பார்த்தார். இன்னொரு நர்ஸோடு சேர்ந்து, பகல் வேலை மட்டும், ஒரு மாதம் சோதனையாக என்று ஒப்புக்கொண்டார். பெனடிக்ட் தினமும் மாலை ஐந்து மணிக்கு வண்டியோடு மருத்துவமனை வாசலில் போய் நிற்பான்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவள் ஐந்து மணிக்கு வரவில்லை. ஆறு மணிக்குத்தான் வந்தாள். சேலையெல்லாம் கசங்கி, முடி கலைந்து, முகம் மட்டும் விளக்குப் போட்டது போல இருந்தது. வழியெல்லாம் அவன் முதுகில் தட்டித் தட்டி ஏதோ சொல்ல முயன்றாள். "வீட்ல போய், வீட்ல போய்" என்றான் அவன்.

வீட்டில் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். கேட்டு முடிக்க நான்கு தோசை ஆயிற்று.

பிரசவத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரி மோதித் தலையில் அடிபட்டதில் பேச்சு போய்விட்டது. அவள் கழுத்திலும் ஒரு லாக்கெட். காலையிலிருந்து வலி. டாக்டர் கேட்டாலும் நர்ஸ் கேட்டாலும் அந்த லாக்கெட், "பரவாயில்லைங்க, தாங்கிக்கிறேன்" என்றது. வெளியே நின்றவர்களிடம், "நீங்க போய்ச் சாப்பிடுங்க அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றது. எவ்வளவு பொறுமையான பெண் என்று வார்டே பாராட்டியது. வலி இன்னும் முற்றவில்லை என்று நினைத்து ஆளாளுக்கு வேறு கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

"கை" என்றாள் ஜெசிந்தா. தோசைக்கரண்டியை இறுகப் பிடித்துக் காட்டினாள். "கட்டில்... கம்பிய... இப்படி. வெ... வெளுத்துப் போச்சு."

"அந்தப் பொண்ணுக்குப் படிவம் யாரு எழுதினது?"

"மா... மாமியா."

பெனடிக்ட் தோசையைப் பிட்ட கையை எடுத்துவிட்டான். "நீ என்ன செஞ்ச?"

"கழட்டி... என் பையில... போட்டேன்."

"மணி அடிச்சிருக்குமே!"

"அடிச்சுது. மாமியா... ஓடி வந்துச்சு. வார்டுக்குள்ள. சங்... சங்கிலி எங்கன்னு... சத்தம்." ஜெசிந்தா அடுப்பைத் தணித்தாள். "நான்... அந்தப் புள்ளகிட்ட... சொன்னேன். கத்து. கத்து மா. நான் இருக்கேன்."

"கத்துச்சா?"

"மொதல்ல... வரல. அழு... அழுதுச்சு. அப்புறம்..." அவளுக்குச் சொல் நின்றுவிட்டது. கரண்டியைக் காற்றில் பிடித்தபடி நின்றாள். பெனடிக்ட் தட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். தோசையின் ஓரம் கருகிற்று. லாக்கெட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்னும் சில வினாடியில் அது பேசத் தொடங்கிவிடும். ஜெசிந்தா கையால் லாக்கெட்டைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம்... பேசல. மொத... மொத வார்த்த. மாமியாளப் பாத்து..." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "'போடீ'ன்னுச்சு."

பெனடிக்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தான். ஜெசிந்தா சிரிக்கவில்லை. கருகிய தோசையைத் திருப்பிப் போட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"கொழந்த... பொம்பளப் புள்ள. மூணு கிலோ" என்றாள். பிறகு, "அழகா சொல்லுச்சு, பென்னி" என்றாள்.